மெலிந்துவரும் உறவினரும் நம் கடமையும்

நீரிழிவு என்றும், மதுமேகம் என்றும், பேச்சு வழக்கில் சர்க்கரை வியாதி என்றும் நாம் குறிப்பிடும் நோயைப் பற்றிப் பேச, மருத்துவம் பயிலாத எனக்கு என்ன உரிமை என்று நீங்கள் வினவலாம். வினா நியாயமானதே. நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிபவன். கல்லூரியில் பயின்றதும் இலக்கியமே. ஆயினும், இந்நோய் கண்டவருக்கு மருத்துவர் மாதத்தில் ஒரு நாள், பத்து நிமிட நேரம் துணை நிற்கிறார். எஞ்சிய நாள்களிலெல்லாம் துணை நிற்க வேண்டியவர்கள் வீட்டிலுள்ள நாம். சர்க்கரை கட்டுக்கு அடங்காமல், காரணமும் விளங்காமல், நாளுக்கு நாள் உடல் மெலிந்துவரும் ஓர் உறவினருக்கு, பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மால் என்ன செய்யக்கூடும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இது எவருக்கும் அயலான செய்தியன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடைபெற்ற ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2023இல் வெளிவந்தன. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு உடையவர்கள் என்றும், வயது வந்தோரில் நூற்றுக்குப் 11 பேருக்குச் சற்று மேலாக இந்நோய் கண்டிருக்கிறது என்றும் அவ்வாய்வு கணக்கிட்டது. ஆகவே, இப்பேச்சைக் கேட்பவர்களுள் தம் குடும்பத்தில் நீரிழிவு உடைய ஒருவரையேனும் அறியாதவர் மிகச் சிலராகவே இருப்பர்.

முதலில், சர்க்கரை மிகுந்தால் உடல் ஏன் மெலிகிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். நாம் உண்ணும் சோறும் சப்பாத்தியும் இட்டிலியும் வயிற்றில் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அச்சர்க்கரை உடலின் அணுக்களுக்குள் புகுவதற்குக் கணையம் சுரக்கும் இன்சுலின் என்ற நீர் துணைபுரிகிறது. இன்சுலின் போதாமற்போனால், சர்க்கரை இரத்தத்திலேயே தேங்குகிறது. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய 180 மில்லிகிராம் அளவைத் தாண்டியதும், சிறுநீரகம் அதைத் தடுத்து நிறுத்த இயலாமல் சிறுநீரோடு வெளியேற்றத் தொடங்குகிறது. நாள் ஒன்றுக்கு 100 கிராம் சர்க்கரை இவ்வாறு வீணாகுமானால், 400 கலோரி அளவு உணவை உண்டும் உண்ணாதவராகவே அவர் ஆகிறார். பசித்த உடல் தன் கொழுப்பையும் தசையையும் கரைத்துப் பிழைக்கப் பார்க்கிறது. களஞ்சியத்தில் நெல் நிறைந்திருந்தும் அடுக்களைக்குள் ஒரு பிடி அரிசியும் வந்து சேராத வீட்டின் நிலை அது.

எனவே, நீரிழிவு உடையவர் ஒருவர் தாம் முயலாமலேயே மெலிவாராயின், 'சர்க்கரைக்காரர் மெலிவது நல்லதுதானே' என்று மகிழ்ந்துவிடக் கூடாது. நடைப்பயிற்சியும் அளவான உணவும் மேற்கொண்டு, பருத்த உடல் மெதுவாகக் குறைவது வேறு. நன்றாக உண்டும் ஆடை தளர்ந்துபோவது வேறு. ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் உடல் எடையில் நூற்றுக்கு 5 பங்கு காரணமின்றிக் குறையுமானால் ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்பது மருத்துவர் கொள்ளும் பொது அளவு. 60 கிலோ எடை உள்ளவருக்கு அது 3 கிலோ மட்டுமே. அவ்வளவு சிறிய மாற்றத்தை நாள்தோறும் பார்க்கும் கண் அறியாது. வீட்டில் எடை பார்க்கும் கருவி ஒன்றை வாங்கி வைத்து, வாரத்தில் ஒரே நாளில், ஒரே வேளையில், ஏறக்குறைய ஒரே விதமான ஆடையில் எடை பார்த்து எழுதிவைப்பது நல்லது.

மெலிவுக்குச் சர்க்கரை ஒன்றே காரணம் என்று உடனே முடிவு கட்டுவதும் தவறாகும். தைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்தாலும் எடை குறையும். அப்போது நெஞ்சு படபடப்பும், கை நடுக்கமும், வெப்பம் பொறாமையும் தோன்றக்கூடும். கணையத்திலேயே நாட்பட்ட அழற்சியோ, அரிதாகப் புற்றுநோயோ இருந்து, அதன் விளைவாகச் சர்க்கரை ஏறுவதும் உண்டு. ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக நீரிழிவு கண்டு, உடன் எடையும் இறங்கி, மேல் வயிற்றில் தொடங்கி முதுகு வரை வலி பரவுமானால், அல்லது கண் மஞ்சளிக்குமானால், அதை மருத்துவரிடம் தவறாமற் சொல்ல வேண்டும். சில மாத்திரைகள் பசியைக் குறைக்கும். வேறு சில சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றியே வேலை செய்யும். பல் ஆடுவதனால் மெல்ல முடியாமையும், தனிமையினால் வரும் மனச்சோர்வும் கூட முதியோரை மெலியச் செய்யும். எல்லாவற்றிற்கும் மேலாக, நம் நாட்டில் மறக்கலாகாத ஒன்று காசநோய். நீரிழிவு உடையவர்க்கு அந்நோய் பற்றும் வாய்ப்பு, ஏனையோரைவிட இரண்டு மூன்று மடங்கு மிகுதி.

இதனை விளக்க என் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன். என் அத்தை கும்பகோணத்தை அடுத்த சிற்றூரைச் சேர்ந்தவர், வயது 64. பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு உடையவர். கணவர் காலமான பிறகு டில்லியில் தம் மகன் வீட்டுக்கு வந்து தங்கினார். வந்தபோது 58 கிலோ இருந்த அவர், ஆறு மாதத்தில் 50 கிலோவாக இளைத்தார். 'டில்லித் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை' என்றார் ஒருவர். 'ஊர் நினைப்பு' என்றார் இன்னொருவர். அருகிலிருந்த சிறு மருத்துவ விடுதி ஒன்றில், உணவைக் குறைத்ததனால் இளைத்திருக்கிறார், இது நல்ல அறிகுறி என்றே சொல்லி அனுப்பினார்கள். அத்தை சோற்றைப் பாதியாகக் குறைத்தும் சர்க்கரை 300க்குக் கீழே இறங்கவில்லை. உண்ணவும் அஞ்சி, உண்ணாதிருக்கவும் முடியாமல் அவர் வருந்தினார்.

பிறகு அரசு மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். அத்தைக்குத் தமிழ் அன்றி வேறு மொழி தெரியாது. அவர் மகனுக்கோ கடைத்தெரு இந்தி மட்டுமே தெரியும். ஆகவே நான் உடன் சென்றேன். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. சோதனை, மார்புப் படம், சளிச் சோதனை எல்லாம் முடிந்த பிறகு, அந்த மருத்துவர் பொறுமையாக எங்களை அமர்த்தி எல்லாவற்றையும் விளக்கினார். நுரையீரலில் காசநோய் கண்டிருக்கிறது. சர்க்கரை மிக ஏறியிருப்பதால் இப்போதைக்கு இன்சுலின் ஊசியே பொருத்தம். காசநோய் மருந்துகளுள் ஒன்று சில சர்க்கரை மாத்திரைகளின் வலிமையைக் குறைத்துவிடும். ஆதலால் இரண்டு சிகிச்சையையும் ஒருங்கே கவனிக்க வேண்டும் என்றார்.

வெளியே வந்ததும் அத்தையின் மகன், 'ஒன்றுமில்லை அம்மா, சளி கட்டியிருக்கிறது. மாத்திரை சாப்பிட்டால் போதும்' என்றான். தாயின் மீதுள்ள அன்பினால் அவன் அவ்வாறு சொன்னான். அத்தை அவனை ஏற இறங்கப் பார்த்தார். 'டாக்டர் பத்து நிமிஷம் பேசினார். நீ ஒரு வரியில் முடித்துவிட்டாய். மீதியை எங்கேடா வைத்தாய்?' என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் மருத்துவர் கூறியவற்றைக் கூறிய வரிசையிலேயே சொன்னேன். காசம் என்ற சொல்லையும் மறைக்கவில்லை. அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர் அவர் கேட்ட முதற்கேள்வி தம்மைப் பற்றியது அன்று. 'குழந்தை என்னோடுதானே படுத்துக்கொள்கிறாள்? அவளுக்கு ஒட்டிக்கொள்ளுமோ?' என்றார். அந்தப் பேத்திக்கு அப்போது வயது நான்கு.

உடனே உள்ளே திரும்பிச் சென்று அதைக் கேட்டோம். ஒரே வீட்டில் வாழ்பவர் அனைவரையும் சோதிக்க வேண்டும் என்றும், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு நோய் இல்லையென்று உறுதி செய்தபின் தடுப்பு மருந்து கொடுப்பது முறை என்றும் மருத்துவர் சொன்னார். அவ்வாறே செய்யப்பட்டது. உண்மை அத்தையிடமிருந்து மறைக்கப்பட்டிருக்குமானால், அந்தக் கேள்வியைக் கேட்க அங்கே யாரும் இல்லை. அத்தை ஆறு மாதம் மருந்து உண்டார், இன்சுலினும் போட்டுக்கொண்டார். அரசின் காசநோய்த் திட்டத்தில் சோதனைக்கும் மருந்துக்கும் கட்டணம் இல்லை. அந்நோயாளருக்கு ஊட்ட உணவுக்கென 2018இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கப்பட்ட உதவித்தொகை, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டிருக்கிறது. சிகிச்சை முடிந்தபோது அத்தையின் எடை 55 கிலோ.

நேயர்களே, பிற மொழி வழங்கும் ஊரில் நோயாளியோடு மருத்துவரிடம் செல்பவர், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஒரு மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுகிறார். அத்தொழிலில் பல ஆண்டு கழித்தவன் என்ற முறையில் ஓரிரு சொற்கள் சொல்ல எனக்கு உரிமை உண்டு. மூலத்தில் உள்ளதை விடவும் கூடாது. இல்லாததைச் சேர்க்கவும் கூடாது. நம் முதியோர் 'மயக்கமாக வருகிறது' என்பார்கள். அது தலைசுற்றலாகவும் இருக்கலாம், நினைவு தப்புதலாகவும் இருக்கலாம். இந்தியில் முன்னதற்குச் 'சக்கர்' என்றும், பின்னதற்குப் 'பேஹோஷி' என்றும் சொல்வர். இரண்டும் மருத்துவருக்கு இருவேறு செய்திகள். 'கால் எரிகிறது', 'கால் மதமதவென்றிருக்கிறது', 'கால் மரத்துப்போகிறது' என்பனவும் அவ்வாறே. எது என்று முதலில் நோயாளியிடம் தமிழில் கேட்டுத் தெளிந்து, பிறகு சொல்லுங்கள். மருத்துவர் கேட்கும் கேள்விக்கு நோயாளியை முந்திக்கொண்டு விடை சொல்லாதீர்கள். செல்வதற்கு முதல் நாளே, எடைக் கணக்கு, வீட்டில் எடுத்த சர்க்கரை அளவுகள், உண்ணும் மருந்துகளின் பெயர்கள், நாட்டு மருந்து ஏதேனும் உண்டானால் அதுவும், எல்லாவற்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் அம்மருந்துப் பொட்டலங்களின் மேல் காலை, மாலை, உணவுக்கு முன், பின் என்று பெரிய தமிழ் எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

இன்சுலின் என்றதும் நம்மவர் பலர் அஞ்சுகின்றனர். ஊசி வந்துவிட்டால் காலம் முடிந்தது என்றே எண்ணுவோரும் உண்டு. அதன் வரலாறு இந்த அச்சத்தைப் போக்கவல்லது. 1921இல் கனடா நாட்டின் டொராண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்ற இருவர், மக்லியாட் என்பாரின் ஆய்வுக்கூடத்தில் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். காலிப் என்பார் அதைத் தூய்மைப்படுத்தினார். 1922 ஜனவரியில் அது முதன்முதலாக லெனார்டு தாம்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது. அப்போது அவன் எடை 65 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 29 கிலோ மட்டுமே. அக்காலத்தில் இந்நோய்க்கு உணவை ஒடுக்கிப் பட்டினி போடுவதைவிட வேறு வழி இல்லை. இன்சுலின் பெற்ற அச்சிறுவன் மேலும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான். எலும்பும் தோலுமாக இருந்த குழந்தைகள் சில மாதங்களில் கன்னம் திரண்டு நின்ற புகைப்படங்கள் உலகெங்கும் பரவின. ஆக, மெலிந்தவரைத் தேற்றுவதே இம்மருந்தின் முதற்பணியாக இருந்தது. சிலருக்கு இது வாழ்நாள் முழுதும் தேவைப்படும். வேறு சிலருக்குச் சர்க்கரை அடங்கிய பிறகு மாத்திரைக்கே திரும்பவும் இயலும்.

இன்சுலினைக் கையாள்வதில் வீட்டார் அறியவேண்டியவை சில உண்டு. நம் நாட்டில் புட்டியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டரில் 40 அலகு வலிமை உடையது. 100 அலகு வலிமை உடையதும் கிடைக்கிறது. ஊசிக்குழாய்களும் அவ்வாறே இருவகை. 40க்கு உரியதற்குச் சிவப்பு மூடியும், 100க்கு உரியதற்குச் செம்மஞ்சள் மூடியும் இருக்கும். 100 அலகு மருந்தை 40க்கு உரிய குழாயில் அளந்தால், இரண்டரை மடங்கு மருந்து உடலில் ஏறிவிடும். அது உயிருக்கே தீங்காகலாம். ஆகவே புட்டியையும் குழாயையும் ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் தோல் தடித்து மருந்து சரியாக உள்ளே சேராது. இடத்தை மாற்றிக்கொண்டே வரவேண்டும். பிரிக்காத புட்டியைக் குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 8 பாகை வெப்பத்தில் வைக்கலாம். உறையும் அறையில் வைக்கலாகாது. உறைந்துபோன மருந்து பயன்படாது. டில்லியின் மே, ஜூன் மாத வெயிலில் மின்சாரம் நின்றுபோனால், புட்டியை நீர் புகாத உறையிலிட்டு, ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் வைப்பது நல்ல உபாயம். சென்னைக்கு இரயிலில் இரண்டு இரவு செல்பவர்கள் மருந்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பனிக்கட்டி நேரே அதன்மீது படலாகாது.

மருந்து மிகுந்தாலும், உணவு தவறினாலும், சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிவிடலாம். வியர்த்து, கை நடுங்கி, பசித்து, பேச்சுத் தடுமாறும். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதனையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். ஏகாதசி, சஷ்டி போன்ற விரதம் இருப்பவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவைக் கேட்டறிய வேண்டும். இதற்கு நேர்மாறாக, சர்க்கரை மிக ஏறி, வாந்தியும் வயிற்று வலியும் கண்டு, மூச்சு ஆழ்ந்தும் விரைந்தும் வருமானால், அல்லது மூச்சில் பழ வாடை வீசுமானால், அல்லது நோயாளி மந்தமாகித் தூங்கித் தூங்கி விழுவாரானால், விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. அந்த இரவே செல்ல வேண்டும்.

உணவைப் பற்றி ஒரு சொல். வட நாட்டுக்கு வந்ததும், சோற்றை விட்டுச் சப்பாத்தி உண்டால் சர்க்கரை போய்விடும் என்று பலர் எண்ணுகிறார்கள். இரண்டும் மாவுப் பொருளே. அளவுதான் வேறுபாட்டை விளைவிக்கிறது. மெலிந்துபோன ஒருவரைப் பட்டினி போடுவது அவர் தசையை மேலும் கரைப்பதாகும். சோற்றின் அளவை மட்டுப்படுத்தி, பருப்பு, சுண்டல், தயிர், முட்டை, மீன், கீரை இவற்றை அவரவர் வழக்கத்துக்கேற்பக் கூட்டிக்கொள்ளலாம். சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் மட்டும் இதிலும் மருத்துவர் சொற்படி நடக்க வேண்டும். பழகிய உணவை முற்றிலும் பறித்துவிட்டால், முதியவர் மறைவில் உண்ணத் தொடங்குவார்; மறைவில் உண்பது எந்தக் கணக்கிலும் வராது.

பெற்றோர் தமிழ்நாட்டில் இருக்க, பிள்ளைகள் மும்பையிலோ கல்கத்தாவிலோ டில்லியிலோ இருக்கும் குடும்பங்கள் பல. தொலைபேசியில் 'உடம்பு எப்படி இருக்கிறது?' என்று கேட்டால், 'ஏதோ இருக்கிறேன்' என்ற விடையே வரும். அதைவிட, இந்த வாரம் எடை எவ்வளவு, காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை எவ்வளவு, மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று கேளுங்கள். மாத்திரை வேண்டிய நாளுக்கு மேலும் மிஞ்சியிருந்தால், செலவை எண்ணியோ மறதியாலோ அவர் முழுவதும் உண்ணவில்லை என்பது புலப்படும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டத்தில், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மருந்துகளை வீட்டிற்கே கொண்டுவந்து தருகிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறை கண்ணும், சிறுநீரகமும், பாதமும் சோதிக்கப்பட்டனவா என்பதையும் நீங்கள் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது உறுதிசெய்துகொள்ளலாம்.

இறுதியாக ஒன்று. உதவி செய்பவர் காவற்காரராக மாறிவிடுவது எளிது. ஒவ்வொரு கவளத்தையும் எண்ணி, ஒவ்வொரு அளவுக்கும் கடிந்துகொண்டால், நோயாளி குறிப்பேட்டில் பொய்யான எண்களை எழுதத் தொடங்குவார். பிறகு மருத்துவரும் பொய்யை நம்பியே மருந்து தருவார். ஏறிய எண்ணைக் கண்டு சினவாமல், 'நேற்று என்ன நேர்ந்தது?' என்று ஆராய்வதே பயன் தரும். எச்.பி.ஏ.1.சி. 7க்கு அருகில் இருப்பது பலருக்கு ஏற்ற இலக்கு எனினும், முதுமையும் பிற நோய்களும் உள்ளவர்க்கு மருத்துவர் அதைத் தளர்த்தியே வைப்பார். நோய் அவருடையது, உடலும் அவருடையது. அவர் அறியவேண்டியதை முழுமையாக அவர் மொழியில் அறியச் செய்து, அவர் முடிவுக்குத் துணை நிற்பதே நம் கடமை. உங்கள் வீட்டில் எவரேனும் காரணமின்றி இளைத்துவருவதாக ஐயம் தோன்றினால், இந்த வாரமே எடை பாருங்கள், எண்ணை எழுதிக்கொள்ளுங்கள், அந்தத் தாளோடு மருத்துவரிடம் செல்லுங்கள்.